ஜப்பான்லயும் சீனாவுலயும் சாரி, ப்ளீஸ் எப்படிச் சொல்றது? அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் ஜப்பான்ல நகோயா பக்கம் ஒரு ஃபேக்டரில ஆறு வருஷம் வேலை பாத்தேன், அதுக்கப்புறம் அதே வேலைக்காக சீனாவுல சுஜோவுக்கு வருஷத்துக்கு நாலஞ்சு தடவ போய்ட்டு வந்துட்டு இருந்தேன். சொந்தக்காரப் பசங்க, காலேஜ் ஜூனியருங்கன்னு யாராவது அந்தப் பக்கம் கெளம்புறப்ப எல்லாம் ஃபோன் பண்ணி கேக்குறது ஒரே கேள்விங்கதான், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இங்கிலீஷ் சாரியையும் ப்ளீஸையும் கையில வெச்சுக்கிட்டு அதுக்கு நேரா ஒரு வார்த்தை தேடாதீங்க, வீட்ல பேசுற தமிழ்ல இருந்து ஆரம்பிங்க. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் "தயவுசெய்து மோர் தாருங்கள்"னு கேட்டு யாராவது பாத்திருக்கீங்களா? "அக்கா, ஒற ஊத்த கொஞ்சம் மோர் இருக்குமா"ன்னுதான் கேப்பாங்க. அந்த "அக்கா", அந்த "கொஞ்சம்", அந்த "இருக்குமா", மரியாதை பூரா அதுலயே இருக்கு. சீனமும் ஜப்பானியமும் பாதிக்கு மேல இந்த வழிதான், இது புரிஞ்சா மத்தது தன்னால வரும்.

ஜப்பானிய மொழில சாரிக்கு என்ன வார்த்தை?

ஒண்ணு இல்ல, யார்கிட்ட பேசுறோம், தப்பு எவ்வளவு பெருசு, இந்த ரெண்டையும் பாத்து மாறும். கூட இருக்குற ஃப்ரெண்டு கால மிதிச்சிட்டா "கொமென்", கொஞ்சம் ஒழுங்கா சொல்லணும்னா "கொமென் நசாய்". இது வீட்டுக்குள்ள, நெருங்கினவங்களுக்குள்ள பொழங்குற வார்த்தை, குழந்தைங்க அம்மாகிட்ட சொல்றது இதுதான். ரோட்ல, ரயில்ல, கடையில முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட "சுமிமசென்". ஆபீஸ்ல கஸ்டமர்கிட்ட, பெரிய மேனேஜர்கிட்ட, நெஜமாவே தப்பு நடந்துட்ட எடத்துல "மோஷிவகெ கொஸாய்மசென்". மோஷிவகென்னா சொல்றதுக்குன்னு இருக்குற சமாதானம், காரணம். அது "இல்லைங்க"ன்னு சொல்றது. நாம "என்மேல தப்புதான், சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல"ங்குறோமே, அதேதான்.

புதுசா போறவங்க பண்ற தப்பு என்னன்னா ஆப்ல மொதல்ல கொமென் நசாய் கத்துக்கிட்டு அதையே கஸ்டமர்கிட்டயும் சொல்லிடுவாங்க. கோவிச்சுக்க மாட்டாங்க, ஆனா வளந்த ஆளு சின்னப் புள்ள மாதிரி பேசுறாப்புல இருக்கும் அவங்களுக்கு.

தேங்க்ஸ் சொல்ல வேண்டிய எடத்துலயும் சுமிமசென்னு சொல்றாங்களே, ஏன்?

எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி இது. லிஃப்ட் கதவ ஒருத்தர் புடிச்சு நிறுத்துறாரு, உள்ள வர்றவரு "சுமிமசென்"ங்குறாரு. கீழ விழுந்த கர்ச்சீஃப எடுத்துக் குடுத்தா அதுக்கும் அதேதான். இங்கிலீஷ் வழியா வந்தவங்களுக்கு இது குழப்பமா இருக்கும், உதவி செஞ்சதுக்கு எதுக்கு மன்னிப்புன்னு.

சுமுன்னா முடியுறது, தீர்றது. சுமிமசென்னா "தீரலை". உங்களுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரலை, மனசுக்குள்ள அது கெடக்குன்னு அர்த்தம். இப்ப நம்ம ஊர யோசிச்சுப் பாருங்க, யார் வீட்டுக்காவது போறோம், அந்த வீட்டு அம்மா காபி போட்டு எடுத்துட்டு வர்றாங்க, நாம என்ன சொல்றோம்? "அய்யோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்!" நன்றின்னு சொல்றதில்ல. அவங்களுக்கு நம்மளால ஒரு சிரமம்னு சொல்றதுதான் அந்த எடத்துல நன்றி. அதேதான் இது. அப்ப ஒரே வார்த்தை மன்னிப்பாவும் நன்றியாவும் ஹோட்டல்ல சர்வர கூப்புடுறதாவும் எப்படி ஆகுதுன்னு புரியும், மூணுலயும் "உங்களுக்கு சிரமம் குடுக்குறேன்"ங்குறதுதான் உள்ள இருக்கு.

ஆபீஸ்ல நாள் பூரா "ஷித்சுரே"ன்னு ஏதோ காதுல விழுதே?

ஷித்சுரேன்னா மரியாதைக் குறைவு. "ஷித்சுரே ஷிமஸ்"னா "மரியாதைக் குறைவா ஒண்ணு செய்யுறேன்". மேனேஜர் ரூமுக்குள்ள போறப்ப, வெளிய வர்றப்ப, ஃபோன வெக்கிறப்ப, ஒருத்தர் முன்னாடி கைய நீட்டி எதையாவது எடுக்குறப்ப, எல்லாத்துக்கும். செஞ்சு முடிச்சப்புறம்னா "ஷித்சுரே ஷிமஷ்தா".

சாயங்காலம் மத்தவங்க வேலை பாத்துட்டு இருக்கறப்ப நீங்க மட்டும் கெளம்புறீங்கன்னா "ஒசகி நி ஷித்சுரே ஷிமஸ்", உங்களுக்கு முன்னாடி நான் போறேன், மரியாதை இல்லதான். அவங்க பதிலுக்கு "ஒத்ஸுகரெசமா தெஷ்தா"ம்பாங்க, நல்லா ஒழச்சு களைச்சுட்டீங்க போய்ட்டு வாங்கன்னு வெச்சுக்கலாம். இது இல்லாம பேக தூக்கிட்டு நேரா வெளிய போயிடாதீங்க, மொத வாரத்துல நான் அப்படித்தான் போனேன், பக்கத்து சீட் சீனியர் ஒருத்தர்தான் மூணாவது நாள் மெதுவா சொல்லிக் குடுத்தாரு.

யார் வீட்டுக்காவது போனா வாசல்ல "ஒஜமா ஷிமஸ்", தொந்தரவு பண்றேன்.

சீனத்துல?

மூணு தெரிஞ்சா போதும், ஆனா மூணுக்கும் கனம் வேற வேற.

"துய்புச்சி"ங்குறதுதான் எல்லா பாடப் புத்தகத்துலயும் மொதல்ல வரும். துய்னா எதிரா, நேருக்கு நேரா. நடுவுல இருக்குற பு இல்லைங்குறது. மொத்தமா "உங்களுக்கு நேரா நிக்க முடியாத நெலம". நம்ம பேச்சுல "அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்"னு சொல்றோம் பாருங்க, அந்த முழிக்க முடியாத நெலமதான் துய்புச்சி. அதனாலதான் அது கனமான வார்த்தை. பெத்தவங்களுக்கு துரோகம் பண்ணவன், கட்டினவள ஏமாத்தினவன், நெஜமான தப்பு பண்ணவன் சொல்ற எடத்துலயும் அதுதான் வரும்.

அன்னாடம் அதிகமா காதுல விழுறது "பு ஹாவ் யிஸ". எனக்குக் கூச்சமா இருக்கு, சங்கடமா இருக்கு. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா, கூட்டத்துல இடிச்சிட்டா, தெரியாதவங்ககிட்ட வழி கேக்க ஆரம்பிச்சா, ஹோட்டல்ல ரெண்டாவது தடவ தண்ணி கேட்டா, எல்லாத்துக்கும் இது. தைவான்ல இன்னும் அதிகம், ஒரு நாளைக்கு எத்தன தடவ காதுல விழும்னு எண்ண முடியாது. ஜப்பான்ல சுமிமசென் எங்க எல்லாம் வருமோ அங்க பாதி எடத்துல இத வெச்சுக்கலாம்.

மூணாவது "பாவ்ச்சியென்". மனசுல வருத்தத்த சுமந்துக்கிட்டு இருக்கேன். இது கொஞ்சம் எழுத்து நடை, மெயில்லயும் அறிவிப்புலயும் வரும், கடைல ஸ்டாக் இல்லன்னாலும் "ஹென் பாவ்ச்சியென்"ம்பாங்க.

யாராவது உங்ககிட்ட மன்னிப்பு கேட்டா "மேய் க்வான்ஷி", இல்ல இன்னும் சகஜமா "மேய் ஷ". நம்ம பரவால்ல.

ப்ளீஸுக்கு ஜப்பானிய மொழில குதசாய்தானே?

ஆமா, ஆனா ப்ளீஸ் மாதிரி தனியா ஒட்ட வெக்கிற வார்த்தைன்னு நெனச்சீங்கன்னா கஷ்டப்படுவீங்க. குதசாய் ஒரு வினைச்சொல், "குடுங்க"ன்னு அர்த்தம், மேல இருக்குறவங்க கீழ இருக்குறவங்களுக்குக் குடுக்குற கொடை. "மிஸு ஒ குதசாய்", தண்ணி குடுங்க. அதையே இன்னொரு வினைக்குப் பின்னால போட்டா வேண்டுகோள் ஆயிடும். ஒஷியெதென்னா சொல்லி, "ஒஷியெதெ குதசாய்"னா "சொல்லிக் குடுங்க". வார்த்தைக்கு வார்த்தை அப்படியே தமிழ், வரிசை கூட மாறல! தபெதென்னா சாப்ட்டு, மிதென்னா பாத்து, "தபெதெ மிதெ குதசாய்"னா "சாப்ட்டுப் பாருங்க". சாப்ட்டுட்டு எதப் பாக்குறதுன்னு ஒரு இங்கிலீஷ்காரனுக்கு விளக்கணும்னா அரை மணி நேரம் ஆகும், நமக்கு ஒரு செகண்ட் கூட வேணாம். இதுக்காகவே சொல்றேன், ஜப்பானிய வேண்டுகோள் எல்லாத்தையும் தமிழ்ல வெச்சுப் படிங்க, இங்கிலீஷ் புக்ல அம்பது பக்கம் வர்ற இலக்கணம் உங்க வாயில ஏற்கனவே இருக்கு.

பொருள் கேக்குறப்ப, ஆர்டர் குடுக்குறப்ப குதசாய்க்குப் பதிலா "ஒநெகாய் ஷிமஸ்"னும் சொல்லலாம், வேண்டிக்கிறேன்னு அர்த்தம், அது ஒரு படி மேல. டாக்ஸில ஏறி "நகோயா எகி மதெ ஒநெகாய் ஷிமஸ்", நகோயா ஸ்டேஷன் வரைக்கும் போகணும்ங்க.

மேனேஜர்கிட்ட "செஞ்சு குதசாய்"னு கேக்கலாமா?

வேணாம். என்னதான் மரியாதையா இருந்தாலும் அது ஏவல், "செய்யுங்க"ன்னு சொல்றதுதான். நம்ம ஊர்லயும் பெரியவங்ககிட்ட "இதப் பாருங்க"ன்னு சொல்றத விட "இத கொஞ்சம் பாத்து சொல்ல முடியுங்களா"ன்னு கேக்குறதுதானே வழக்கம். அங்கயும் கேள்வியா மாத்தணும், அதுவும் இல்லைன்னு முடியுற கேள்வியா. "மிதெ இததகெமசென்கா", அதாவது பாத்துத் தர்ற தயவ நான் வாங்கிக்க முடியாதுங்களா. ஒரு படி கீழ, கூட வேலை பாக்குறவங்ககிட்டன்னா "மிதெ மொரயெமஸ்கா" போதும்.

இன்னொரு வழியும் இருக்கு, வாக்கியத்த முடிக்காம விட்டுடறது. "காசு கொஞ்சம் கொறையுதுங்க..."ன்னு சொல்லிட்டு நாம நிறுத்திடுவோம்ல, மிச்சத்த எதிர்ல இருக்குறவர் புரிஞ்சுக்குவார். ஜப்பான்ல இத பெரிய கலையாவே வெச்சிருக்காங்க, "...ந்தெஸ் கெதொ"ன்னு இழுத்து விட்டுட்டு அமைதியா நிப்பாங்க. "ஏர்கான் வேலை செய்யலைங்க, அதான்..." அவ்வளவுதான், மெக்கானிக் வந்துடுவாரு.

சீனத்துல ப்ளீஸ்னா "ச்சிங்" தானே, எல்லா வாக்கியத்துலயும் போடலாமா?

போடலாம், ஆனா நோட்டீஸ் போர்டு பேசுற மாதிரி இருக்கும். "ச்சிங்"குக்கு அழைக்கிறதுன்னும் அர்த்தம் உண்டு, "வோ ச்சிங் நீ"ன்னா இன்னிக்கு சாப்பாடு என் செலவு. விருந்தாளிய "ச்சிங் ட்ஸ்வோ"ன்னு உக்காரச் சொல்றதுக்கும், ஏதாவது கேக்குறதுக்கு முன்னாடி "ச்சிங்வென்"னு ஆரம்பிக்கிறதுக்கும் சரி. மத்தபடி சாதாரணமா பேசுறப்ப மரியாதை வேற எடத்துல இருக்கு.

வினைக்குப் பின்னால "யிஷ்யா" வரும், ஒரு தடவன்னு அர்த்தம். "தெங் யிஷ்யா", கொஞ்சம் இருங்க. "கான் யிஷ்யா", ஒரு எட்டு பாருங்க. நாம "ஒரு எட்டு போய்ட்டு வா", "ஒரு கை புடிங்க"ன்னு வேலைய சின்னதாக்கிக் கேக்குறோம்ல, அதே தந்திரம்தான். வினைய ரெண்டு தடவ சொன்னாலும் அப்படித்தான், "கான்கான்"னா சும்மா ஒரு பார்வ பாருங்க. உதவின்னா முன்னாடி "பாங் வோ", எனக்காக. கடைசில "ஹாவ் மா", சரியா? இன்னும் மரியாதையா வேணும்னா "மாஃபன் நீ", உங்களுக்குத் தொந்தரவு குடுக்குறேன். பெய்ஜிங் பக்கத்துப் பெரியவங்க "லாவ்ஜ்யா"ம்பாங்க, தெற்க அது அவ்வளவா காதுல விழாது.

ஆமா, சீனத்துல "நீ"ன்னா நீ தான்! மரியாதைக்கு "நின்", நீங்க. தற்செயலா அமைஞ்சதுதான், ஆனா மறக்கவே மறக்காது. "மாஃபன் நின்"னு சொன்னா அந்த ஒரு எழுத்துலயே பெரியவங்க முகம் மலரும்.

தெரியாதவங்கள எப்படிக் கூப்புடுறது?

இதுல ரெண்டு ஊரும் ரெண்டு பக்கம்.

சீனா நம்ம ஊர் மாதிரி. டாக்ஸி டிரைவர், எலக்ட்ரீஷியன், கைத்தொழில் தெரிஞ்ச யாரா இருந்தாலும் "ஷிஃபு", நாம மேஸ்திரி, மாஸ்டர்ங்குற மாதிரி. கடைக்காரர் "லாவ்பான்", மொதலாளி. அம்மா வயசுப் பொம்பளைங்க "ஆயீ", அப்பாவுக்குத் தம்பி வயசு ஆம்பளைங்க "ஷுஷு", நம்மள விடக் கொஞ்சம் மூத்தவங்க "தாஜ்யெ", பெரியக்கா. வழி கேக்குறதுக்கு முன்னாடி ஒரு "ஆயீ" போட்டுப் பாருங்க, வழி மட்டும் சொல்லாம பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வந்த அம்மாவ நான் பாத்திருக்கேன். ஒரே ஒரு எச்சரிக்கை, பழைய புக்ல மிஸ்ங்குறதுக்கு "ஷ்யாவ்ஜ்யெ"ன்னு போட்டிருக்கும், சீனாவுல பல எடத்துல அது தப்பான அர்த்தத்துல போயிடும், தவிர்த்துடுங்க.

ஜப்பான்ல மொறை வெச்சுக் கூப்புடப் போய் மாட்டிக்காதீங்க. நாப்பது வயசு அம்மாவ "ஒபசான்"னு கூப்ட்டா அவங்க முகம் சுண்டிடும், வயசாயிடுச்சுன்னு சொன்ன மாதிரி. அங்க எல்லாருக்கும் சுமிமசென் ஒண்ணுதான்.

சீன ஃப்ரெண்டு "ஏன் இவ்வளவு தேங்க்ஸ் சொல்ற"ன்னு வருத்தப்படுறான், என்ன தப்பு பண்ணேன்?

நீங்க அவன தூரத்துல நிறுத்திட்டீங்க, அதான். "ஜியென்வாய்"னு ஒரு வார்த்தை இருக்கு, வெளியாளாப் பாக்குறதுன்னு அர்த்தம். நம்ம வீட்ல பெரியம்மா சாப்பாடு போட்டதுக்கு நன்றின்னு சொல்லிப் பாருங்க, "என்னடா மூணாவது மனுஷன் மாதிரி பேசுற"ன்னு கேப்பாங்க. அதே வருத்தம்தான் அவனுக்கும். "பியெ க்கெச்சி"ன்னு அவன் சொன்னா விருந்தாளி மாதிரி நடந்துக்காதன்னு அர்த்தம். நெருங்கின எடத்துல வார்த்தைய கொறைங்க, அடுத்த தடவ நீங்க சாப்பாடு வாங்கிக் குடுங்க.

ஜப்பான் இதுக்கு நேர் எதிர். நெருங்கினவங்களுக்கு நடுவுலயும் மரியாதை வேணும்னு அவங்களுக்கு ஒரு பழமொழியே இருக்கு. புருஷன் பொண்டாட்டி கூட உப்பு எடுத்துக் குடுத்ததுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கிறத நான் பாத்திருக்கேன்.

ரெண்டு மொழிக்கும் எழுத்து ஒண்ணுதானே, ஒண்ணு படிச்சா இன்னொண்ணு புரியுமா?

ஜப்பான்காரங்க சீன எழுத்த வாங்கித்தான் எழுதுறாங்க, ஆனா மன்னிப்பு விஷயத்துல அத நம்பி எறங்கக் கூடாது. "மெய்வகு"ன்னு ஜப்பானிய வார்த்தை, அடுத்தவங்களுக்குக் குடுக்குற தொந்தரவு. "மெய்வகு பண்ணாத"ன்னு சொல்லிச் சொல்லித்தான் அங்க குழந்தைய வளக்குறாங்க. அந்த ரெண்டு எழுத்தையும் சீனாக்காரர் படிச்சா மயங்குறது, குழம்புறதுன்னு அர்த்தம் எடுத்துக்குவார்.

இந்த ஒரு வார்த்தை ரெண்டு நாட்டு உறவையே ஆட்டிப் பாத்திருக்கு. 1972 செப்டம்பர்ல ஜப்பான் பிரதமர் தனகா ககுயேய் பெய்ஜிங் போனார், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு 27 வருஷம் கழிச்சு ரெண்டு நாடும் தூதரக உறவு வெச்சுக்கறதுக்காக. செப்டம்பர் 25 ராத்திரி விருந்துல பேசுறப்ப, ஜப்பான் சீன மக்களுக்கு பெரிய மெய்வகு குடுத்துடுச்சு, அதுக்கு ஆழ்ந்து வருந்துறோம்னு சொன்னார். மொழிபெயர்த்தவர் அத சீனத்துல "மாஃபன்"னு சொன்னார். மாஃபன்னா மேல பாத்தோமே, பேனா கடன் கேக்குறப்ப "தொந்தரவுக்கு மன்னிக்கணும்"னு சொல்றது. லட்சக்கணக்குல ஜனங்க செத்துப் போன போருக்கு அந்த வார்த்தையா? கூட்டத்துல முகம் இறுகிப் போச்சு. ஒரு பொம்பளையோட பாவாடைல தெரியாம தண்ணி தெளிச்சிட்டா சொல்ற வார்த்தை இதுன்னு சீனப் பிரதமர் சோ என்லாய் அடுத்த நாள் பேச்சுவார்த்தைல நேராவே சொன்னார். ஜப்பானிய மொழில மனசார மன்னிப்பு கேக்குறப்பவும் மெய்வகு வரும்னு தனகா விளக்கினார். கடைசில செப்டம்பர் 29 கூட்டறிக்கைல மெய்வகுவும் இல்ல மாஃபனும் இல்ல, போரால சீன மக்களுக்கு ஏற்பட்ட பெரும் பாதிப்புக்கு ஜப்பான் பொறுப்ப உணர்ந்து ஆழ்ந்து தன்னைத்தானே கண்டிச்சுக்குதுன்னு எழுதினாங்க.

இத ஏன் இவ்வளவு விரிவா எழுதுறேன்னா, எந்த வார்த்தைங்குறத விட அதோட கனம் எவ்வளவுங்குறதுதான் முக்கியம். 2001 ஏப்ரல்லயும் இப்படி ஒண்ணு நடந்துச்சு, ஹாய்னான் தீவு பக்கம் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதி சீன பைலட் வாங் வெய் இறந்துட்டார், அமெரிக்க விமானத்துல இருந்த 24 பேரும் சீனாவுல மாட்டிக்கிட்டாங்க. அமெரிக்காக்காரங்க கடிதத்துல "வெரி சாரி"ன்னு ரெண்டு எடத்துல எழுதினாங்க, அத வருத்தம்னு அவங்க சொல்லிக்கிட்டாங்க, சீனப் பக்கம் அத "ஷென்பியாவ் ச்சியென்யீ"ன்னு, அதாவது ஆழ்ந்த மன்னிப்புன்னு அவங்க ஜனங்களுக்குச் சொன்னாங்க. 24 பேரும் வீடு போய்ச் சேந்தாங்க.

முடியாதுன்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க, எப்படிக் கண்டுபுடிக்கிறது?

உங்க சித்தப்பாகிட்ட கடன் கேட்டா எப்படி முடியாதுன்னு சொல்லுவார்? "இப்ப கொஞ்சம் கஷ்டம்ப்பா". ஜப்பான்லயும் அதே ரெண்டு வார்த்தைதான், "ச்சொத்தொ முஸுகஷீ", கொஞ்சம் கஷ்டம். சில சமயம் "சொரெ வ ச்சொத்தொ...", அது கொஞ்சம்... அவ்வளவுதான், மிச்சம் வராது. இதக் கேட்டுட்டு "கஷ்டம்னா பரவால்ல, ட்ரை பண்ணலாமே"ன்னு மறுபடி கேட்டுடாதீங்க, அது முடியாதுங்குற பதில். சீனத்துல "ட்ஸாய் ஷ்வோ பா", அப்புறம் பேசலாம். "காவ்ல்யூ காவ்ல்யூ", யோசிக்கிறேன். "பு ஃபாங்பியென்", வசதிப்படல. நம்ம "பாக்கலாம்" வம்சம்தான் எல்லாமே.

"தாய்ஜோபு"ல மட்டும் உஷார். நம்ம பரவால்ல மாதிரியே அதுக்கும் ரெண்டு முகம். விழுந்தவர எழுப்பினா "தாய்ஜோபு", ஒண்ணும் இல்ல. கடைல பை வேணுமான்னு கேட்டா "தாய்ஜோபு தெஸ்", அப்ப வேணாம்னு அர்த்தம். 2020 ஜூலைல இருந்து அங்க ப்ளாஸ்டிக் பைக்குக் காசு, அதனால இந்தக் கேள்வி தெனம் வரும்.

உச்சரிப்புல நாம கவனிக்க வேண்டியது?

ஜப்பானியத்துல குறில் நெடில், ஒத்தை எழுத்து இரட்டை எழுத்து எல்லாம் அர்த்தத்த மாத்தும், அது நமக்கு லேசு. "கிதெ குதசாய்" வாங்க, "கீதெ குதசாய்" கேளுங்க, "கித்தெ குதசாய்" வெட்டுங்க. "ஒபசான்" அத்தை, "ஒபாசான்" பாட்டி. நம்ம பிரச்சினை வேற எடத்துல, ரெண்டு உயிர் நடுவுல ஒத்தை தகரம் வந்தா நம்ம வாய் அத "பாதை"ல வர்ற தகரம் மாதிரி மெலிச்சிடும். கிதெல "தங்கம்"ல வர்ற தகரமா, அழுத்தமா, ஆனா ஒண்ணா மட்டும் சொல்லணும். தெனம் பத்து தடவ சொல்லிப் பழகுங்க.

சீனத்துல சுரம்தான் எல்லாம். "ச்சிங் வென்"ல வென் மேல இருந்து கீழ வெடுக்குன்னு எறங்கணும், அப்பதான் கேக்கலாமான்னு அர்த்தம். தாழ்ந்து எழும்புற சுரத்துல சொன்னா முத்தம் குடுங்கன்னு ஆயிடும்.

எவ்வளவு குனியணும்?

ஜப்பான் கம்பெனில ட்ரெய்னிங்லயே சொல்லித் தருவாங்க. தாண்டிப் போறப்ப 15 டிகிரி, கஸ்டமர வரவேற்க 30, மன்னிப்புக்கு 45, அதுவும் ஒடனே நிமிராம. ஊரே பாக்க மன்னிப்பு கேக்குறதும் அங்க வழக்கம். 2017 நவம்பர் 14 அன்னிக்கு தோக்கியோ பக்கத்துல மினாமி நகரெயாமா ஸ்டேஷன்ல சுகுபா எக்ஸ்ப்ரஸ் ரயில் ஒண்ணு 20 செகண்ட் முன்னாடியே கெளம்பிடுச்சுன்னு கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. 2016ல கரிகரி-குன் ஐஸ் வெல 60 யென்ல இருந்து 70 யென் ஆனப்ப, கம்பெனி ஆளுங்க வரிசையா நின்னு குனியுற விளம்பரமே போட்டாங்க. சீனாவுல குனியுறது அன்னாடப் பழக்கம் இல்ல, வாயால சொன்னா போதும்.

தமிழும் ஜப்பானியமும் சொந்தக்கார மொழியாமே?

ஒனோ சுசுமுன்னு ஜப்பானிய மொழி அறிஞர் (1919–2008) அப்படி ஒரு கருத்த நெறைய வருஷம் எழுதினார். மொழியியல் அறிஞருங்க பெரும்பாலானவங்க ஏத்துக்கல. வாக்கிய அமைப்பு ஒத்துப் போறது படிக்க ஒதவுது, அதுக்கு மேல நான் போக மாட்டேன்.

சிங்கப்பூர்ல, ஹாங்காங்லயும் இதே வார்த்தைங்களா?

சிங்கப்பூர் தமிழருங்களுக்கு "பைசே" தெரியும், அது ஹொக்கியன் மொழில பு ஹாவ் யிஸ தான். ஹாங்காங்ல கான்டனீஸ் "ம்கோய்" ஒண்ணு போதும், வழி விடச் சொல்ல, உதவி கேக்க, செஞ்சதுக்கு நன்றி சொல்ல, மினிபஸ்ல "யாவ் லோக், ம்கோய்"னு எறங்குறேன்னு சத்தம் குடுக்க.

வேலைல பெரிய தப்பு பண்ணிட்டேன், ஜப்பான் கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுறது?

காரணத்துல ஆரம்பிக்காதீங்க. எனக்கு ரெண்டாவது வருஷம் இது நடந்துச்சு, நான் அனுப்பின டிராயிங்ல ஒரு அளவு தப்பு, அவங்க லைன் அரை நாள் நின்னு போச்சு. நான் விடிய விடிய உக்காந்து ஏன் அப்படி ஆச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதி வெச்சேன், நியாயமான காரணங்கதான் எல்லாம். எங்க மேனேஜர் படிச்சிட்டு பைக்குள்ள வெச்சுக்கிட்டார், "கேட்டா குடு"ன்னு மட்டும் சொன்னார். கேக்காம நாமளா காரணம் சொன்னா அதுக்குப் பேரு "ஈவகெ", சாக்கு. அவரே ஒரு நல்ல கடைல இனிப்புப் பெட்டி ஒண்ணு வாங்கி துணில சுத்தி எடுத்துக்கிட்டார், அத "கஷிஓரி"ம்பாங்க, மன்னிப்பு கேக்கப் போறப்ப வெறுங்கையோட போறதில்ல. அங்க போய் நின்னதும் "மோஷிவகெ கொஸாய்மசென்"னு சொல்லி அவர்தான் மொதல்ல குனிஞ்சார், டிராயிங் போட்டது நான், என்னை விட இருவது வயசு மூத்தவர் அவர், எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. இனிமே எப்படி நடக்காமப் பாத்துக்கப் போறோம்ங்குறத மட்டும் என்னைச் சொல்லச் சொன்னார். இனிப்புப் பெட்டிய கூட கடைசிலதான் குடுத்தோம், மொதல்லயே நீட்டினா அது மன்னிப்பு இல்ல, விலை மாதிரி ஆயிடும்னு வர்ற வழில சொல்லியிருந்தார்.

கெளம்புறப்ப கஸ்டமர் பக்கத்துப் பெரியவர் எங்களப் பாத்து குனிஞ்சு "கொங்கோ தொமொ யொரொஷிகு ஒநெகாய் ஷிமஸ்"னார். இனிமேலும் நம்மளப் பாத்துக்கோங்கன்னு அர்த்தம். அந்த ரெண்டு பக்கத்த கடைசி வரைக்கும் யாரும் கேக்கல.